ஊர்ப் பெருமையும் பராமரிப்புச் செலவும்: யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கும், கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே முதலிய நாடுகளில் இயங்கும் ஊர் ஒன்றியங்களின் அங்கத்தவர்களுக்கும்,



யாழ்ப்பாண மாவட்டம் நிர்வாகக் கணக்கில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளையும் 435 கிராம அலுவலர் பிரிவுகளையும் கொண்டது. ஊரவர் மனதில் உள்ள ஊர் இந்தப் பிரிவுகளுக்குள் அடங்குவதில்லை. ஒரே ஊர் இரண்டு மூன்று பிரிவுகளாகக் கிடக்கும். ஒரே பிரிவுக்குள் பெயரும் கோயிலும் வேறான பல குறிச்சிகள் இருக்கும். கோயில், பாடசாலை, குளம், சுடலை, சங்கக்கடை, வாசிகசாலை ஆகியவையே ஊரின் உண்மையான எல்லைக்கற்கள். அளவெட்டி பத்மநாதன் என்றும் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் என்றும் ஆளின் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துச் சொல்லும் வழக்கம் நாதஸ்வரக் கலைஞரிலிருந்து தமிழறிஞர் வரை எல்லோருக்கும் பொருந்தி வந்திருக்கிறது.

இந்த ஊர்ப்பற்று வெறும் உணர்ச்சியாக மட்டும் நின்றதில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் குடாநாட்டின் பள்ளிக்கூடம், வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கம், வைத்தியசாலை ஆகியவற்றில் பல ஊரவரின் முயற்சியால் எழுந்தவை. அவற்றுள் நிலைத்தவை எவை, நலிந்தவை எவை என்று பார்த்தால் ஒரு பொது உண்மை தெரிகிறது. கட்டுவதற்குப் பணம் கிடைப்பது அரிதாக இருந்ததில்லை. கட்டியதை ஆண்டுதோறும் பேணுவதற்கு ஒழுங்கான வருமானமும், எழுதி வைத்த கணக்கும், எல்லோருக்கும் திறந்த அங்கத்துவமும் இருந்த இடங்களில்தான் ஊர்ப்பெருமை ஊர் வளர்ச்சியாக மாறியது.

கல்வி இதற்கு முதல் எடுத்துக்காட்டு. அமெரிக்க மிஷன் 1816இல் குடாநாட்டில் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் நிறுவியது. அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெரிய கொடையாளிகளின் பணத்தோடு பிடியரிசியும் அக்காலப் பள்ளிக்கூடங்களைத் தாங்கியது. சோறு சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைக்கப்படும். குறித்த நாளில் அது சேகரிக்கப்படும். கொடை சிறியது, ஆனால் தவறாதது. ஏழை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்தில் பங்கு உண்டு என்ற எண்ணத்தையும் அது தந்தது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தெல்லிப்பழையில் தொடங்கிய பாடசாலை பின்னர் மகாஜனக் கல்லூரியாக வளர்ந்தது. 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம், ஊரவர் பேச்சில் 'இந்து போர்ட்', ஊருக்கு ஊர் பாடசாலைகளை நிறுவி நடத்தியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது ஆசிரியர் சம்பளச் சுமை ஊரின் தோளிலிருந்து இறங்கியது. அன்றிலிருந்து பழைய மாணவர் சங்கங்களின் வேலை பெரும்பாலும் கட்டடம், மைதானம், பரிசளிப்பு என்று சுருங்கியது.

வாசிகசாலை இரண்டாவது எடுத்துக்காட்டு. குடாநாட்டுச் சந்திகளில் இன்றும் காணப்படும் சனசமூக நிலையம் அமைப்பில் எளியது: முன்விறாந்தை, நீண்ட மேசை, இரு பக்கமும் வாங்கு, மேசையில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கும் அன்றைய பத்திரிகைகள். காலையில் அதே கட்டடத்தில் முன்பள்ளி நடக்கும். பின்னேரம் கரப்பந்தாட்டம் முடித்த இளைஞர் வந்து அமர்வர். ஒரு காலத்தில் அந்த மேசையில் வீரகேசரி, தினகரன், ஈழநாடு ஆகியவை கிடந்தன. 1985க்குப் பின் உதயனும் சேர்ந்தது. பத்திரிகை வாங்க வசதியில்லாத தொழிலாளியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே செய்தியைப் படித்து ஒரே வாங்கில் இருந்து வாதாடினர். தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை, ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை என்ற ஒழுங்கைப் பல ஊரவர் முதலில் பழகிய இடம் இதுவே. நிலையங்கள் உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யப்படுகின்றன. நாளாந்தம் கதவு திறப்பது, பத்திரிகைக் காசு கட்டுவது, ஓடு மாற்றுவது ஆகியவை சந்தாவிலும் சிரமதானத்திலும் நடந்து வந்தன. சந்தா நின்ற நிலையங்களில் முதலில் பத்திரிகை நின்றது. அடுத்துக் கதவு பூட்டியபடி இருந்தது.

மூன்றாவது, கூட்டுறவு இயக்கம். யாழ்ப்பாணத்துப் புகையிலையில் ஒரு பகுதி திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகி வந்தது. ஊரில் அதற்கு 'மலையாளப் புகையிலை' என்று பெயர். இடைத்தரகரிடம் விலை இழந்த கமக்காரர் 1930களில் அந்தப் புகையிலைக்கென்றே கூட்டுறவு விற்பனவுச் சங்கம் அமைத்தனர். அதே பத்தாண்டில் மூளாயில் ஊரவரின் பங்குப்பணத்தோடு கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. அரச மருத்துவமனைக்கு மாட்டுவண்டியில் நெடுந்தூரம் போக வேண்டிய காலத்தில், ஒரு கிராமம் தனக்கென வைத்தியரையும் பிரசவ விடுதியையும் வைத்துக்கொண்டது பெரிய செயல். 1970களில் பனைத்தொழிலாளருக்கென அமைந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், கள் விற்பனையைக் குத்தகைக்காரர் கையிலிருந்து தொழிலாளர் கைக்கு மாற்றின. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவாளரும் வட்டுக்கோட்டையின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருமான வி. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பங்கு சிறியது, ஒருவருக்கு ஒரு வாக்கு, கணக்கைப் பரிசோதிக்க வெளியார் வருவர் என்ற மூன்று விதிகளே இந்தச் சங்கங்களின் பலம்.

ஊருக்கு வெளியிலிருந்து பணம் வருவதும் புதிய கதையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதத்திலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குப் போன யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய காசு கல்வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் பாடசாலைக் கட்டடமாகவும் மாறியது. 'மலாயன் பென்சனியர்' என்பது ஒரு காலத்தில் ஊரில் ஒரு தனி அந்தஸ்து.

நோர்வேயிலிருந்து வந்த உதவி வேறு வகையானது. 1956இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்குச் சென்றார். அந்த நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று அறியப்படும் அவர், அங்குள்ள ஆதரவாளரைத் திரட்டி 1967இல் சீநோர் திட்டத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன்வழி அமைந்தன. மீன்பிடிச் சமூகத்தின் கையில் படகையும் வலையையும் உள்ளூர் வேலைவாய்ப்பையும் ஒருசேரக் கொடுத்த முயற்சி அது. பின்னாளில் அது அரச நிறுவனமாயிற்று. வெளிநாட்டுப் பணம் நினைவுக் கட்டடமாகாமல் தொழிலாக மாறிய இந்த உதாரணத்தை இன்றைய ஒன்றியங்கள் அதிகம் எடுத்துப் பார்ப்பதில்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பின் புலம்பெயர்ந்தோரின் ஊர் ஒன்றியங்கள் பெருகின. கோடைகால ஒன்றுகூடலும் ஆண்டு இறுதிக் கலைவிழாவும் நிதி சேர்க்கும் வழிகளாயின. போர்க்காலத்தில் இந்த ஒன்றியங்கள் அனுப்பிய காசில்தான் பல ஊர்களில் மாணவர் கொப்பி வாங்கினர்; முகாம்களில் அடுப்பு எரிந்தது.

ஊர்ப்பெருமையின் மறுபக்கத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அந்தப் பெருமை ஊரில் வாழ்ந்த எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றில் அள்ளக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது, தேநீர்க்கடையில் சமமாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளையும் அதே ஊரவர்தான் காவல் காத்தனர். 1920களில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிவேறுபாட்டை எதிர்த்தது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்கான போராட்டமும் அக்காலத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயரிட்டதற்கும் இந்த வரலாறே காரணம். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு பிரிக்க முடியாதது. எந்த ஊர் நூலும் இந்தப் பக்கங்களை விட்டுவிட்டு முழுமை பெறாது.

போர் ஊர்களையே இடம்பெயர்த்தது. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். அவர்கள் நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தின் ஏறத்தாழ முழுச் சனத்தொகையும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்தது. 2012 கணக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கும் கீழே நின்றது. வலிகாமம் வடக்கின் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கர் நிலமும் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது, அந்த மக்கள் இருபத்தேழு ஆண்டுகளை முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கழித்திருந்தனர். அவ்வளவு காலமும் ஊரின் பெயரை உயிரோடு வைத்திருந்தவை வேறிடத்தில் நடந்த பாடசாலையும் கோயில் பொங்கலும் ஊர்ச் சங்கமும்தான். தீவுப்பகுதியில் நிலை வேறு. புங்குடுதீவு போன்ற ஊர்களில் கதவில்லாத கல்வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் நிறைய உண்டு. ஒன்றியத்தில் கூடுவோர் அங்கு குடியிருப்போரைவிட அதிகம் என்று சொல்லத்தக்க ஊர்களும் உண்டு.

இந்த நிலையில் குடாநாட்டின் எல்லா ஊர்களையும் ஒருசேரத் தொடும் பொதுச் சொத்து நிலத்தடி நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிச் சுன்னாகம், சண்டிலிப்பாய் வழியாக யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அடையும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் கொட்டித் தீர்கிறது. அந்த நீர் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. உவர்நீர் சற்றே அடர்த்தி கூடியது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இதையே தலைகீழாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர் நாற்பதடி ஏறும். புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பது இந்த அமைப்பைக் கண்ணால் காட்டுகிறது.

முன்னைய இறைப்பு முறை நீரெடுக்கும் அளவுக்குத் தானே ஒரு வரம்பு போட்டது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்; கிணற்றுக்கட்டில் நிற்பவர் பட்டையைக் கவிழ்த்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார்; தோட்டத்தில் மூன்றாமவர் மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூவரும் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய இறைப்பு மெசின் களைப்பதில்லை. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் செழித்தன. செம்மண் தோட்டங்களுக்கு இட்ட பசளையின் நைத்திரேற்று அதே நீரோடு நிலத்தடிக்கு இறங்கியது. நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிகளும் அதோடு சேர்ந்தன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை மேல் எல்லையாக வைத்திருக்கிறது. வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியவை என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. அந்த நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தைக்குக் கேடு. சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்தாலும் தோட்டத்துக்கும் வளவுக்கும் கிணறு தேவை; கிணற்றுக்குக் குளம் தேவை.

குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குளங்களும் கேணிகளும் உள்ளன. அவற்றில் பல வயலுக்குப் பாயும் குளங்களாகவன்றி மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் குளங்களாகவே பயன்படுகின்றன. ஒரு குளம் ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் வரத்து வாய்க்காலின் குறுக்கே ஒரு மதில் எழும்பும். ஒழுங்கைக்குத் தார் போடும்போது மதகு மூடப்படும். பிளாஸ்ரிக் குப்பை கொட்டப்படும். சேறு படிந்து நீர் இறங்கும் வெடிப்புகள் அடைபடும். கடைசியில் கரையோரக் காணி சிறிது சிறிதாகச் சுருங்கி வேலிக்குள் போய்விடும். பிறகு மாரியில் வீட்டுக்குள் வெள்ளம், கோடையில் கிணற்றில் உவர் என்று இரண்டு குறைகளும் ஒரே ஊரிலிருந்து எழும். திருத்தும் முறையும் படிப்படியானது: காணி எல்லையை அளந்து கல் நாட்டுவது, வரத்து வாய்க்காலைத் திறப்பது, சேற்றை அகற்றுவது, கரை கட்டுவது, ஆண்டுதோறும் மாரிக்கு முன் துப்புரவு செய்வது. வரத்து வாய்க்காலைத் திறக்காமல் பெக்கோ பிடித்துக் குளத்தை மட்டும் தோண்டுவது வீண்செலவு. கரையோர ஊர்களில் அளவுமீறித் தோண்டினால் அடியில் கிடக்கும் உவர் மேலே வந்துவிடும்.

ஊர்ச் சங்கங்கள் இதைத் தனியே செய்ய வேண்டியதில்லை. சட்டப்படி செய்யவும் முடியாது. கிராமக் குளங்களில் பல கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. சில பிரதேச சபையிடமும் சில கோயிலிடமும் உள்ளன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடம் தருகிறது. அனுமதியும் தொழில்நுட்ப ஆலோசனையும் பெறக் கமநல சேவைகள் நிலையமே முதல் வாசல். குளத்தின் பரப்பு, எல்லை வரைபடம், ஒதுக்கிய நிதி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும் மூன்று நகர சபைகளும் பதின்மூன்று பிரதேச சபைகளும் உள்ளன. 2025 மேயில் அவற்றுக்குப் புதிய உறுப்பினர் தெரிவாகினர். தம் வட்டார உறுப்பினரிடம் வாய்க்காலையும் மதகையும் பற்றிக் கேள்வி எழுப்புவது சங்கத்தின் கடமைகளில் ஒன்று.

பணத்தை எப்படிப் பகிர்வது என்பதே இனி உள்ள கேள்வி. கோயில் இராசகோபுரம், வரவேற்பு வளைவு, மண்டபம், சிலை ஆகியவற்றுக்கு நிதி சேருவது எளிது. அவற்றில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம், திறப்புவிழாவைப் படம் எடுக்கலாம். வாய்க்கால் துப்புரவுக்கும் முன்பள்ளி ஆசிரியையின் மாதக் கொடுப்பனவுக்கும் வாசிகசாலைப் பத்திரிகைக் காசுக்கும் கல்வெட்டு இல்லை. ஆகவே ஒவ்வொரு கட்டட நிதியிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியை மட்டும் செலவிடும் விதியைச் சங்க யாப்பிலேயே எழுதுவது பயன் தரும். பிடியரிசி செய்த வேலையை இக்காலத்தில் மாதச் சந்தா செய்யலாம். வெளிநாட்டு ஒன்றியம் காசு அனுப்பும் இடத்தில் நிற்க, எது தேவை என்பதை ஊரில் குடியிருப்போர் தீர்மானிக்க வேண்டும். கணக்கு வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நிர்வாகசபையில் எல்லாக் குறிச்சியினருக்கும், பெண்களுக்கும், அண்மையில் மீள்குடியேறியோருக்கும் இடம் இருக்க வேண்டும். இறைக்கிறவரும் அள்ளுகிறவரும் வெளியே நிற்க நடக்கும் கூட்டம் ஊரின் கூட்டமாகாது.

ஊரின் நினைவைப் பேணுவதும் இதே வேலையின் பகுதி. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றுள் மறுபிரதி இல்லாத நூல்களும் சுவடிகளும் இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இன்று ஊர் மலர்கள், பாடசாலை ஆண்டிதழ்கள், கோயில் கும்பாபிசேக மலர்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. சங்கங்களின் பழைய கூட்ட அறிக்கைகளும் கணக்குப் புத்தகங்களும் காணி வரைபடங்களும் அங்கு சேர்ந்தால், எந்தக் குளம் எவ்வளவு பரப்பில் இருந்தது என்பதற்கு நாளை சான்று கிடைக்கும்.

ஒவ்வொரு சங்கமும் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எடுக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்: ஊரின் குளங்களையும் வரத்து வாய்க்கால்களையும் அளந்து பட்டியலிடுவது, பராமரிப்பு நிதியைத் தனிக்கணக்கில் தொடங்குவது, அங்கத்துவத்தை ஊரில் வாழும் எவருக்கும் திறந்து விடுவது. மூன்றுக்கும் பெருந்தொகை தேவையில்லை. அடுத்த மாரிக்கு முன் தொடங்கினால் போதும்.